ஒருபருவப் பூச்செடிகள்: பாத்தி போடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பூப்பாத்தி போடத் தொடங்கும் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வரிசையில், ஒரே சந்தேகங்களோடு என்னிடம் வருகிறார்கள். முதலில் மண், பிறகு முளைக்காத விதை, பிறகு வாடும் நாற்று, கடைசியில் பூக்காத செடி. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். புதியவர்கள் மேலிருந்து படித்து வாருங்கள். முன்னால் சொன்னது தெரிந்தால்தான் பின்னால் வருவது விளங்கும்.

ஒருபருவப் பூச்செடி என்றால் வருடம் முழுக்கப் பூக்கும் செடியா?

இல்லை. விதையிலிருந்து முளைத்து, வளர்ந்து, பூத்து, விதை கொடுத்து, ஒரே பருவத்துக்குள் வாழ்ந்து முடிக்கும் செடி. செண்டுமல்லி, ஜினியா, காஸ்மாஸ், சூரியகாந்தி, காசித்தும்பை, கோழிக்கொண்டை, வாடாமல்லி எல்லாம் இந்த வகை. பெரும்பாலானவற்றின் ஆயுள் நான்கு முதல் ஆறு மாதம். பெட்டூனியா, சால்வியா, நித்தியகல்யாணி போன்றவை தங்கள் சொந்த மண்ணில் பல ஆண்டு வாழக்கூடியவை. ஆனால் விதைத்த முதல் பருவத்திலேயே நன்றாகப் பூத்துவிடுவதால் தோட்டங்களில் அவற்றையும் ஒருபருவச் செடியாகவே வளர்க்கிறோம்.

இந்தச் செடியின் வாழ்க்கைக்கு ஒரே நோக்கம்தான்: இறப்பதற்குள் விதை விட்டுவிட வேண்டும். நாம் ரசிக்கும் பூ அதற்குப் போகும் வழியில் ஒரு கட்டம். இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். விதை விடும் வேலை முடிந்துவிட்டது என்று செடி எப்போது முடிவு செய்கிறதோ, அப்போது பூப்பதை நிறுத்திவிடும். அந்த முடிவைத் தள்ளிப்போடுவதுதான் தோட்டக்காரரின் வேலை.

எந்த மாதம் விதைப்பது என்று மட்டும் சொல்லுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாதம் ஊருக்கு ஊர் மாறும்; செடியின் தேவை மாறாது. ஒருபருவச் செடிகளில் இரண்டு கூட்டம் உண்டு. செண்டுமல்லி, ஜினியா, காஸ்மாஸ், கோழிக்கொண்டை, வாடாமல்லி, டேபிள் ரோஸ், சூரியகாந்தி ஆகியவை வெப்பத்தை விரும்புபவை. மண் 20 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடேறிய பிறகு விதைத்தால் மளமளவென்று முளைக்கும். ஓர் உறைபனி இரவு போதும், இவை கருகிவிடும். பான்சி, ஸ்நாப்டிராகன், ஸ்வீட் பீ, லார்க்ஸ்பர், காலண்டுலா ஆகியவை குளிர்ச்சியை விரும்புபவை. கோடை உச்சத்தில் இவை சோர்ந்து, பூ சிறுத்து, நின்றுவிடும்.

உறைபனி விழும் இடமென்றால் முதல் கூட்டத்தைக் கடைசி உறைபனிக்குப் பிறகு வெளியே நடுங்கள். உறைபனியே இல்லாத வெப்பமான இடமென்றால் இரண்டாம் கூட்டத்தை ஆண்டின் குளிர்ந்த மாதங்களுக்கு ஒதுக்குங்கள். அதற்குமேல் கணக்கைப் பூவிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். ஜினியா விதைத்த 60 முதல் 70 நாளில் பூக்கும். பெட்டூனியாவுக்கு மூன்று மாதம் ஒதுக்க வேண்டும். பூ என்றைக்கு வேண்டுமோ அந்த நாளிலிருந்து இவ்வளவு நாள் கழித்தால் விதைக்கும் நாள் கிடைத்துவிடும்.

எங்கள் இடத்தில் பாதி நாள்தான் வெயில் விழுகிறது. பூச்செடியே வைக்க முடியாதா?

வைக்கலாம், செடியை மாற்ற வேண்டும். பெரும்பாலான ஒருபருவச் செடிகளுக்கு நாளுக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் தேவை. அதற்குக் குறைந்தால் தண்டு நீண்டு, சாய்ந்து, பூ குறையும். மூன்று நான்கு மணி நேரம்தான் என்றால் காசித்தும்பை, அதன் உறவான இம்பேஷன்ஸ், பிகோனியா, டொரீனியா ஆகியவை நன்றாக வரும். வண்ண இலைக்காகக் கோலியஸ் வைக்கலாம்.

தீர்மானிப்பதற்கு முன் ஒரு நாள் முழுக்க அந்த இடத்தைக் கவனியுங்கள். காலை, நண்பகல், மாலை என மூன்று முறை பார்த்து நிழல் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காலை வெயிலும் மாலை வெயிலும் ஒன்றல்ல. காலையில் மூன்று மணி நேரம் வெயில் பட்டால் காசித்தும்பை மகிழ்ச்சியாக இருக்கும். அதே மூன்று மணி நேரம் பிற்பகல் உச்சி வெயிலாக இருந்தால் இலை தொங்கிவிடும்.

மண்ணைத் தயார் செய்தே ஆக வேண்டுமா? குழி தோண்டி நட்டால் போதாதா?

மற்ற எல்லாப் பதில்களையும் மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்க வேண்டாம். மரத்துக்கு ஆண்டுகள் இருக்கின்றன, மெல்ல வேர் விட்டுக்கொள்ளும். ஒருபருவச் செடிக்குச் சில வாரங்கள்தான். அதற்குள் வேர் பரவாவிட்டால் அதன் வாழ்க்கையே போய்விட்டது. இறுகிய மண்ணில் கையளவு குழி தோண்டி நட்டால் அந்தக் குழி மண்ணுக்குள் புதைத்த தொட்டியாகத்தான் இருக்கும். வேர் சுவரில் முட்டி அங்கேயே சுற்றும், மழை வந்தால் தண்ணீர் தேங்கும்.

முதலில் வடிகாலைச் சோதியுங்கள். ஓரடி ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது தண்ணீர் சில மணி நேரத்தில் இறங்கிவிட்டால் கவலையில்லை. மறுநாள் காலையிலும் நின்றால் அங்கே தரைமட்டத்தில் நடாதீர்கள். 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்தி மேட்டுப்பாத்தி போடுங்கள். அடுத்தது கொத்துதல். மண் சேறாகவும் இருக்கக்கூடாது, கட்டாந்தரையாகவும் இருக்கக்கூடாது. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து, விரலால் தட்டிப் பாருங்கள். உதிர்ந்தால் கொத்தலாம். களிமண் உருண்டையாக அப்படியே நின்றால் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். ஈரக் களிமண்ணைக் கொத்தினால் அது காய்ந்து கல்லாகும், அந்தப் பருவம் முழுக்க மீட்க முடியாது.

20 முதல் 25 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கொத்தி, மட்கிய தொழு உரத்தையோ மட்கு உரத்தையோ 5 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பிக் கலந்துவிடுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு 50 லிட்டர், அதாவது நடுத்தர வாளியில் ஐந்து வாளி வரும். அதிகமாகத் தோன்றும், ஆனால் அவ்வளவும் வேண்டும். மட்காத பச்சைச் சாணத்தைப் போடாதீர்கள், வேரைச் சுட்டுவிடும், களை விதையையும் கொண்டுவரும். களிமண்ணை இளக்க மணல் கொட்டுவதும் பரவலான தவறு. கொஞ்சம் மணல் களிமண்ணோடு சேர்ந்தால் முன்னைவிடக் கெட்டியாகிவிடும். களிமண்ணுக்கும் மணல்மண்ணுக்கும் மருந்து ஒன்றுதான், மட்கு உரம். ஒன்றை இளக்கும், மற்றதில் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

பாத்தியின் அகலம் 1.2 மீட்டரைத் தாண்ட வேண்டாம். இரண்டு பக்கமிருந்தும் கை நடுவுக்கு எட்ட வேண்டும். சுவரை ஒட்டிய பாத்தியென்றால் 60 சென்டிமீட்டர் போதும். கொத்திய மண்ணில் பிறகு கால் வைக்கக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கணக்கு.

விதை போடுவது நல்லதா, நாற்று வாங்கி நடுவது நல்லதா?

செடியைப் பொறுத்தது. ஜினியா, காஸ்மாஸ், சூரியகாந்தி, காசித்தும்பை ஆகியவற்றின் விதை கையில் பிடிக்கும் அளவுக்குப் பெரியது, சீக்கிரம் முளைக்கும். பாத்தியிலேயே விதைத்துவிடுங்கள். லார்க்ஸ்பர், பாப்பி போன்றவை வேர் அசைந்தால் பொறுக்காதவை, அவற்றுக்கும் நேரடி விதைப்புதான். பெட்டூனியா, பிகோனியா விதைகள் தூசி போன்றவை. திறந்த மண்ணில் போட்டால் ஒரு தூறலில் காணாமல் போய்விடும். இவற்றைக் குழித்தட்டில் வளர்த்து நட வேண்டும், அல்லது நாற்றாக வாங்க வேண்டும்.

வாங்கும்போது பூ நிறைந்த நாற்றைத் தேடிப் பிடிக்காதீர்கள். குட்டையாக, தண்டு தடித்து, அடர்பச்சை இலையோடு, மொட்டு மட்டும் தெரியும் நாற்றே நல்லது. அடியில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால் சரி; பழுப்பு நிறத்தில் சுருண்டு கிடந்தால் அது தட்டில் நெடுநாள் பட்டினி கிடந்த செடி.

விதை போட்டு இரண்டு வாரமாகிறது. ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை கெட்டதா?

விதையைக் குறை சொல்வதற்கு முன் ஆழத்தைப் பாருங்கள். விதையின் பருமனைப்போல இரண்டு மூன்று மடங்கு மண் மூடினால் போதும். செண்டுமல்லி, ஜினியாவுக்கு அரை சென்டிமீட்டர், சூரியகாந்திக்கு இரண்டரை சென்டிமீட்டர். பெட்டூனியா, ஸ்நாப்டிராகன், பிகோனியா விதைகள் முளைக்க வெளிச்சம் வேண்டும். அவற்றை மூடவே கூடாது, ஈர மண்ணின் மேல் தூவி லேசாக அழுத்திவிட்டால் போதும். பான்சி இதற்கு நேர்மாறு, இருட்டில் நன்றாக முளைக்கும்.

இரண்டாவது காரணம் ஈரம் அறுந்துபோவது. ஊறிய விதை ஒரு முறை காய்ந்துவிட்டால் உள்ளே விழித்த முளை இறந்துவிடும். பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் பயனில்லை. செண்டுமல்லியும் ஜினியாவும் சூடான மண்ணில் ஒரு வாரத்துக்குள் தலைகாட்டும், பெட்டூனியா இரண்டு வாரம்வரை எடுக்கும். விதை பழையதோ என்று சந்தேகமிருந்தால் 10 விதையை ஈரக் காகிதத்தில் சுருட்டி, ஒரு பையில் வைத்து, வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். 7 முளைத்தால் நல்ல விதை. 3 முளைத்தால் இரட்டிப்பாக விதையுங்கள். ஒன்றும் இல்லையென்றால் அப்போது விதையைக் குறை சொல்லலாம்.

நன்றாக முளைத்தது. ஒரே இரவில் வரிசையாகச் சாய்ந்து கிடக்கிறது. யாரோ மிதித்தது போல!

இதுதான் நாற்றழுகல். மண்ணில் வாழும் பூஞ்சை வகைகள் தண்டை மண்மட்டத்தில் அரித்துவிடுகின்றன. அந்த இடம் நூலாக மெலிந்திருப்பதைக் காணலாம். சாய்ந்தது சாய்ந்ததுதான், மீட்க முடியாது. மிச்சமிருப்பதைக் காப்பாற்ற உடனே தண்ணீரைக் குறைத்து, மூடி இருந்தால் திறந்து, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். அடுத்த முறை சுத்தமான நாற்றுக் கலவை, கழுவிய தட்டு, நெருக்கம் இல்லாத விதைப்பு, காலையில் மட்டும் தண்ணீர் என்று நான்கையும் கடைப்பிடியுங்கள். என் முதல் ஆண்டுகளில் தட்டுத் தட்டாக இப்படி இழந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் காரணம் ஒன்றுதான், அன்பு மிகுதியில் ஊற்றிய தண்ணீர்.

நாற்று தட்டில் அழகாக இருந்தது. பாத்தியில் நட்ட மறுநாளே வாடிவிட்டது.

நிழலில் வளர்ந்த குழந்தையைத் திடீரென்று உச்சி வெயிலில் நிறுத்தினால் என்ன ஆகுமோ அதுதான் நடந்திருக்கிறது. நடுவதற்கு 7 முதல் 10 நாள் முன்பே தட்டை வெளியே வைத்துப் பழக்குங்கள். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு காலை வெயில், கடைசியில் இரவும் வெளியே. இலை தடித்து, வெயிலையும் காற்றையும் தாங்கும் பக்குவம் அதற்குள் வந்துவிடும்.

நடவு மாலையிலோ மேகமூட்டமான நாளிலோ இருக்கட்டும். நடுவதற்கு முன் தட்டுக்குத் தண்ணீர் விட்டால் வேர்க்கட்டி உடையாமல் வரும். தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள், அடியிலிருந்து தள்ளி எடுங்கள். வேர் சுற்றிக்கொண்டிருந்தால் விரலால் லேசாகப் பிரித்துவிடுங்கள். தட்டில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடுங்கள். செண்டுமல்லி மட்டும் விதிவிலக்கு, தண்டிலிருந்தும் வேர் விடும் என்பதால் நீண்டுபோன நாற்றைச் சற்று ஆழமாக நடலாம். நட்டவுடன், மண் ஈரமாக இருந்தாலும், ஒரு முறை தாராளமாகத் தண்ணீர் விடுங்கள். வேருக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள காற்று வெளியேற வேண்டும்.

எங்கள் பாத்திக்கு எத்தனை செடி வேண்டும்? எவ்வளவு நெருக்கமாக நடலாம்?

குட்டைச் செண்டுமல்லிக்கு 20 சென்டிமீட்டர், உயரமான செண்டுமல்லிக்கு 35 முதல் 40, ஜினியாவுக்கும் பெட்டூனியாவுக்கும் 30, காஸ்மாஸுக்கு 30 முதல் 45, அலிசத்துக்கு 15 முதல் 20. 30 சென்டிமீட்டர் இடைவெளியென்றால் ஒரு சதுர மீட்டருக்கு 11 செடி. 20 என்றால் 25 செடி. இரண்டு மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலப் பாத்தி 2.4 சதுர மீட்டர். அதற்கு ஜினியா 26 வேண்டும். நேர் வரிசைக்குப் பதிலாக, ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேராக அடுத்த வரிசைச் செடி வருமாறு மாற்றி நட்டால் ஏழில் ஒரு பங்கு கூடுதலாகப் பிடிக்கும், மண்ணும் சீக்கிரம் மூடிவிடும்.

நட்ட அன்று பாத்தி வெறுமையாகத் தெரியும், இடையில் இன்னொன்று வைக்கக் கை துடிக்கும். வேண்டாம். ஐந்து வாரத்தில் இலைகள் ஒன்றையொன்று தொட்டுவிடும். நெருக்கி நட்டவர்கள்தான் பிறகு வெள்ளைப் பொடிக் கேள்வியோடு வருகிறார்கள். உயரமானவற்றைப் பின்னால், குட்டையானவற்றை முன்னால் வைப்பது எல்லோருக்கும் தெரியும். நான்கு பக்கமும் பார்க்கும் பாத்தியென்றால் உயரமானவை நடுவில். ஒரே நிறத்தை ஏழெட்டுச் செடியாகச் சேர்த்து நடுங்கள். ஒன்றுவிட்டு ஒன்று நிறம் மாற்றினால் தூரத்திலிருந்து எதுவும் தெரியாமல் குழம்பிவிடும் என்பது என் தீர்மானமான கருத்து.

தினமும் தண்ணீர் ஊற்றலாமா?

நட்ட முதல் பத்து நாள், ஆம். அதன்பிறகு மண்ணைக் கேளுங்கள். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். பொதுவான அளவு வாரத்துக்கு 2.5 சென்டிமீட்டர், அதாவது சதுர மீட்டருக்கு 25 லிட்டர், மழையையும் சேர்த்து. கடும் கோடையிலும் மணல்மண்ணிலும் கூடுதலாக வேண்டும். இதை ஏழு நாளுக்குத் தெளிப்பதைவிட இரண்டு மூன்று முறையாக ஆழமாக விடுவது நல்லது. மேலாகத் தெளித்தால் வேரும் மேலேயே நின்றுவிடும், ஒரு நாள் மறந்தாலும் வாடும்.

நண்பகலில் இலை தொங்குவதைப் பார்த்து ஓடிப்போய் ஊற்ற வேண்டாம். உச்சி வெயிலில் இலை இழக்கும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாது. மாலையில் தானாக நிமிர்ந்தால் செடிக்குக் குறையில்லை. காலையிலும் தொங்கினால்தான் தாகம். மண் ஈரமாக இருந்தும் தொங்கினால் அது வேரழுகல், அங்கே தண்ணீர்தான் எதிரி.

களை எடுத்தே இடுப்பு ஒடிகிறது. வழி உண்டா?

மூடாக்கு. செடிகள் ஒரு சாண் உயரம் வந்ததும் காய்ந்த இலைத்தூள், வைக்கோல், மட்கிய மரத்தூள் எதையாவது 5 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டைத் தொடாமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் அடித்தண்டு அழுகும். ஈரமும் காக்கும், மழையில் மண் தெறித்து இலையில் நோய் ஒட்டுவதும் குறையும்.

நுனியைக் கிள்ளச் சொல்கிறீர்கள். மொட்டு வரும் நேரத்தில் கிள்ள மனம் வரவில்லை.

உங்கள் தயக்கம் புரிகிறது. ஆனாலும் கிள்ளுங்கள். நுனி மொட்டிலிருந்து இறங்கும் ஆக்சின் என்னும் ஊக்கி, கீழே இலைக்கணுக்களில் உறங்கும் மொட்டுகளை எழவிடாமல் அடக்கிவைத்திருக்கிறது. நுனி போனதும் அவை விழித்துக்கொள்ளும். ஒரு தண்டு இருந்த இடத்தில் நான்கு, ஆறு கிளை வரும். செடி 15 சென்டிமீட்டர் உயரம் வந்ததும், மூன்று நான்கு இணை இலையை விட்டுவிட்டு மேலே கிள்ளுங்கள். முதல் பூ ஒன்றிரண்டு வாரம் தள்ளிப்போகும், பிறகு வருவது பல மடங்கு.

ஜினியா, உயரமான செண்டுமல்லி, பெட்டூனியா, காஸ்மாஸ், ஸ்நாப்டிராகன் ஆகியவற்றைக் கிள்ளலாம். ஒற்றைத் தண்டுச் சூரியகாந்தியைக் கிள்ளாதீர்கள், அதன் ஒரே பூ போய்விடும். ஒற்றைக் கொண்டை பெரிதாக வேண்டுமென்றால் கோழிக்கொண்டையையும் விட்டுவிடுங்கள்.

வாடிய பூவை எடுக்கத்தான் வேண்டுமா? அழகுக்காகத்தானே?

அழகு இரண்டாவது. முதல் கேள்விக்குச் சொன்ன பதிலை நினைத்துப் பாருங்கள். வாடிய பூவுக்கு அடியில் விதை முற்றிக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டால் செடி மறுபடி பூத்துத்தான் ஆக வேண்டும். வாரம் இரண்டு முறை ஒரு சுற்று வாருங்கள். இதழை மட்டும் உருவினால் பயனில்லை, விதைப்பை அங்கேயே இருக்கும். பூவுக்குக் கீழே முதல் நல்ல இலைக்கணு வரை வெட்டுங்கள். ஜினியாவைப் பூச்சாடிக்காக நீளத் தண்டோடு வெட்டுவதும் இதே பலனைத் தரும். எவ்வளவு வெட்டுகிறோமோ அவ்வளவு பூக்கும்.

இந்த வேலைக்கு நேரமில்லாதவர்கள் டேபிள் ரோஸ், நித்தியகல்யாணி, பிகோனியா நடலாம். பழைய பூ தானாகவே உதிர்ந்துவிடும். பருவத்தின் நடுவில் பெட்டூனியா நீளக் கொடியாகி நுனியில் மட்டும் பூத்தால், துணிந்து பாதியளவுக்கு வெட்டி, கொஞ்சம் உரம் கொடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் புதிதாக நட்டது போல வரும்.

உரம் நிறையப் போட்டேன். செடி என் தோளுக்கு வருகிறது, பூதான் இல்லை.

உரம் நிறையப் போட்டதால்தான். தழைச்சத்து மிகுந்தால் செடிக்கு அவசரமே இல்லை, இலை விட்டுக்கொண்டு வசதியாக இருக்கும். காஸ்மாஸ், நாஸ்டர்ஷியம் இரண்டும் இதில் மிக மோசம். இவற்றுக்கு மெலிந்த மண்ணே போதும். பாத்தி தயாரிக்கும்போது சொன்ன மட்கு உரத்தைக்கூட இவற்றுக்குப் பாதியாகக் குறையுங்கள். மாறாக, பெட்டூனியா ஓயாமல் பூப்பதால் ஓயாமல் பசிக்கும் செடி. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நீர்த்த உரம் கொடுக்கலாம். செண்டுமல்லி, ஜினியாவுக்கு மாதம் ஒரு முறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். உரத்தைக் குறைத்தும் பூக்கவில்லையென்றால் வெயிலைக் கணக்கெடுங்கள். அதுவும் சரியென்றால் அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

ஒரே நாளில் விதைத்த காஸ்மாஸ். வாசல் விளக்குக்குக் கீழே உள்ளவை மட்டும் பூக்கவில்லை. இது என்ன விந்தை?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் நல்ல கண் உள்ளவர். சில செடிகள் இரவின் நீளத்தை அளந்து பூக்கும் காலத்தை அறிகின்றன. காஸ்மாஸ், கோழிக்கொண்டை, உயரமான செண்டுமல்லி ஆகியவை நீண்ட, இடையறாத இருட்டு கிடைத்தால் விரைவாகப் பூக்கும் வகை. இரவு முழுக்க எரியும் விளக்கு அவற்றுக்கு இன்னும் கோடைப் பகல் முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. விளக்கை அணைக்க முடிந்தால் அணையுங்கள், அல்லது அந்த இடத்தில் ஜினியாவின் இன்றைய வகைகளையோ குட்டைச் செண்டுமல்லியையோ வையுங்கள். பகல் நீளம் அவற்றை அவ்வளவாகப் பாதிக்காது.

ஜினியா இலையெல்லாம் வெள்ளைப் பொடி. மேலிருந்து தண்ணீர் ஊற்றியதால்தானே?

மேலிருந்து ஊற்றுவது வேறு பல இலைநோய்களுக்குக் காரணம், ஆனால் சாம்பல் நோய்க்கு அல்ல. பெரும்பாலான பூஞ்சைகள் முளைக்க இலைமேல் தண்ணீர் தேவை. சாம்பல் நோய்க்குத் தேவையில்லை. காற்றில் ஈரப்பதமும் செடிகளுக்கிடையே நெருக்கமும் இருந்தால் உலர்ந்த இலையிலேயே பரவும். இடைவெளியைப் பற்றி முன்பு அழுத்திச் சொன்னது இதற்காகத்தான். பொடி படிந்த அடி இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள், மட்குக் குழியில் போடாதீர்கள். நெருக்கமான இடத்தில் ஒன்றுவிட்டு ஒன்று பிடுங்கிவிட்டால் மிச்சம் பிழைக்கும். பருவத்தின் கடைசியில் வந்தால் நான் கவலைப்படுவதில்லை. அதற்குள் அது வாழ்ந்து முடித்துவிட்டது.

பூச்சிக்கு எந்த மருந்து அடிப்பது?

எந்தப் பூச்சி என்று தெரியாமல் எதுவும் அடிக்க வேண்டாம். இளந்தளிரில் பச்சையாகவோ கறுப்பாகவோ மொய்த்து, இலை பிசுபிசுத்தால் அசுவினி. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போய்விடும். இலையில் மஞ்சள் புள்ளி, அடியில் மெல்லிய வலை என்றால் சிவப்புச் சிலந்தி. வறண்ட வெப்பத்தில் வரும், இலையின் அடிப்பக்கத்தை அடிக்கடி நனைப்பது அதைத் தடுக்கும். இதழ் சுருங்கி வெள்ளைக் கீறல் விழுந்தால் இலைப்பேன். மூன்றுக்குமே லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலோடு அடித்துக் கலக்கி, மாலையில் இலையின் இருபுறமும் தெளிக்கலாம். முதலில் ஒரு செடியில் தெளித்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.

விரிந்த பூவின்மேல் எதையும் தெளிக்காதீர்கள். தேனீக்களுக்காகவும் சேர்த்துத்தான் பூ வளர்க்கிறோம். அசுவினி கூட்டத்தில் பொறிவண்டோ அதன் முதலை போன்ற புழுவோ தென்பட்டால் மருந்தைக் கீழே வைத்துவிடுங்கள், வேலைக்கு ஆள் வந்துவிட்டது.

செண்டுமல்லி நட்டால் தோட்டத்துக்குப் பூச்சியே வராது என்கிறார்களே?

பாதி உண்மை. செண்டுமல்லியின் வேரில், குறிப்பாகக் குட்டை வகையில், வேர்முடிச்சு நூற்புழுக்களை ஒடுக்கும் ஆல்பா டெர்தைனில் என்ற பொருள் உண்டு. ஆனால் ஓரத்தில் நான்கு செடி வைத்தால் அந்தப் பலன் கிடைக்காது. பாத்தி முழுக்க அடர்த்தியாக நட்டு, இரண்டு மாதத்துக்கு மேல் வளர்த்து, அங்கேயே உழுதுவிட்டால் அடுத்து நடும் செடிக்கு உதவும். மண்ணுக்கு மேலே பறக்கும் எல்லாப் பூச்சியையும் அது விரட்டும் என்று எண்ண வேண்டாம். சிவப்புச் சிலந்திக்குச் செண்டுமல்லியே பிடித்த இடம்.

ஆசையாக விதை எடுத்து வைத்தேன். அடுத்த பருவம் நிறமெல்லாம் மாறி, பூவும் சிறுத்துவிட்டது.

தாய்ச்செடி வீரிய ஒட்டுரகமாக இருந்திருக்கும். பாக்கெட்டில் எஃப்1 என்று போட்டிருந்தால், அதன் விதை தாயைப்போல வராது; இரு பெற்றோரின் குணங்களும் கலைந்து வரும். சாதாரண ரகமாக இருந்தாலும் ஜினியா, காஸ்மாஸ், செண்டுமல்லி ஆகியவற்றைத் தேனீக்கள் கலந்துவிடும். பக்கத்தில் வேறு நிறம் இருந்தால் கலப்பு நிச்சயம். ஸ்வீட் பீ தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால் பெரும்பாலும் அதே நிறத்தில் வரும்.

எடுக்கும் முறை: செடியிலேயே பூ முழுக்கக் காய விடுங்கள். ஜினியாவில் காய்ந்த தலையை உதிர்த்தால் அம்பு முனை போன்ற விதைகள் வரும். காசித்தும்பைக் காய் முற்றினால் தொட்டவுடன் வெடித்துச் சிதறும். வெளிறத் தொடங்கும்போதே ஒரு துணிப்பையைக் கட்டிவிடுங்கள். நிழலில் இரண்டு வாரம் உலர்த்தி, காகித உறையில் பெயரும் தேதியும் எழுதி, காற்றுப்புகாத டப்பாவில் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். நடுவதற்கு முன் மேலே சொன்ன பத்து விதைச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

பருவம் முடிந்தது. பிடுங்கிவிட்டு அதே இடத்தில் அதே செடியை மறுபடி நடலாமா?

நோய் வராத ஜினியா, செண்டுமல்லியென்றால் ஓரிரு முறை நடலாம், மறுபடி மட்கு உரம் சேர்த்துக்கொண்டு. சைனா ஆஸ்டரை மட்டும் ஒருபோதும் வேண்டாம். அதைத் தாக்கும் வாடல் நோய்ப் பூஞ்சை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். செடி ஒரு பக்கமாக மஞ்சளாகி, அடித்தண்டு கறுத்து வாடினால் அந்த இடத்தில் சில ஆண்டுகளுக்கு ஆஸ்டரே கூடாது. பெட்டூனியா தக்காளி, கத்தரி, மிளகாய்க் குடும்பத்தைச் சேர்ந்தது. அவை வாடி இறந்த பாத்தியில் பெட்டூனியாவை நடாதீர்கள். பெட்டூனியா நின்ற இடத்தில் அடுத்து அவற்றையும் நடாதீர்கள்.

பிடுங்குவது பற்றி: நோயுற்ற செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். ஆரோக்கியமான செடியை மண்மட்டத்தில் வெட்டிவிட்டு வேரை அங்கேயே விடுங்கள். அது மட்கிய தடத்தில் காற்றும் தண்ணீரும் இறங்கும், அடுத்து நடும் நாற்றின் வேருக்கும் அதுவே வழியாகும். ஓர் ஓரத்தில் மூன்று நான்கு செடியை விதையோடு நிற்க விடுவது என் வழக்கம். சிட்டுக்குருவிகள் காஸ்மாஸ் தலைகளில் ஊஞ்சலாடிக்கொண்டே விதை கொத்தும், அவை சிந்தும் விதையில் பாதி அடுத்த பருவத்தில் நான் நடாத இடத்தில் முளைத்து நிற்கும். தேவையானதை இரண்டு இலைப் பருவத்திலேயே பெயர்த்துப் பாத்திக்குக் கொண்டுவந்துவிடுவேன்.